தோளும் தொழிலும்: யாழ்ப்பாணத்து மூட்டு வைத்திய வரலாற்றில் ஒரு நோக்கு

மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்தது என்பது நம்மவர் நாவிற் பயிலும் பழமொழி. பிற நாட்டார்க்கு அது துன்பத்தின்மேல் துன்பம் வந்ததைச் சுட்டும் உவமை மட்டுமே. யாழ்ப்பாணத்தவராகிய நமக்கோ அது ஊர்ச் செய்தி. பனையை நம்பி வாழ்ந்த குடாநாடு இது. கள்ளுக்கும் கருப்பநீருக்குமாக நாடோறும் மரமேறி இறங்கியவர்களின் தோளிலே இந்நாட்டின் செல்வத்திற் பெரும்பங்கு தங்கியிருந்தது. தோட்டக்காரன் துலாவிழுத்ததும் தோளால். கடற்றொழிலாளி கரைவலை இழுத்ததும் தோளால். இன்று மேசன் சாந்துச்சட்டியை மேலே நீட்டுவதும் தோளால். இத்தகைய நாட்டிலே தோள் வழுவினவன் நோயாளி மட்டுமல்லன், தொழிலிழந்தவனுமாவான்.

இத்தகைய மலர்களில் அரசர் வரலாறும் ஆலய வரலாறும் புலவர் வரலாறும் வெளிவருதலே வழக்கம். தோள்மூட்டின் வரலாறென்றதும் மூத்தோர் சிலர் புன்முறுவல் பூக்கக்கூடும். நாம் இப்பொருளைத் தேடிப் போகவில்லை. அதுவே நம்மைத் தேடி வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் கரப்பந்தாட்டத்திலே, தரையை நெருங்கிய பந்தொன்றை எடுக்கப் பாய்ந்தபோது நமது வலக்கை மணலில் ஊன்றிப் பின்னே மடங்கியது. எழுந்து பார்த்தால் தோளின் உருண்டை வடிவைக் காணவில்லை. சட்டைக்குள் ஒரு மூலை தெரிந்தது. "தோள் இறங்கிப் போச்சுது" என்றார்கள் தோழர்கள். அவர்களுள் ஒருவன் அன்பின் மிகுதியால் கையைப் பிடித்து ஓர் இழுப்பும் இழுத்தான். அவ்விழுப்பைப்பற்றி இங்கே விரித்தெழுத விரும்பவில்லை. அப்படி எவரும் செய்யலாகாதென்று மட்டும் வாலிபர்க்குச் சொல்லி மேலே செல்கின்றோம். நரம்பும் குருதிக் குழாயும் அக்குளினூடாகவே செல்கின்றன. பழகாத கை இழுத்தால் இறங்கிய தோளோடு செயலிழந்த கையும் மிஞ்சக்கூடும்.

மற்றை மூட்டுகளிலும் தோளே எளிதில் வழுவுவதேன்? தொடையெலும்பின் தலை, இடுப்பெலும்பிலே குழியம்மியுட் குழவிபோல ஆழப் பதிந்திருக்கின்றது. புயவெலும்பின் தலையோ, ஆழமற்ற சிறு தட்டின்மேல் வைத்த தேசிக்காய்போல இருக்கின்றது. தட்டைச் சுற்றிச் சவ்வாலான ஒரு விளிம்பும், அதைச் சூழ்ந்து நான்கு தசைகளும் இல்லையேல் அது அங்கே நில்லாது. உடம்பிலே மிகுதியாகச் சுழலும் மூட்டு இதுவே. மிகுதியாக நழுவுவதும் இதுவே. சுழற்சிக்கு இயற்கை வாங்கும் விலை என்று கொள்ளலாம்.

இத்துன்பம் புதியதன்று. எகிப்திலே, இரண்டாம் இராமசேசு மன்னன் காலத்தில் வாழ்ந்த இப்புயி என்னும் சிற்பியின் கல்லறைச் சுவரிலே, வேலைத்தலத்தில் வீழ்ந்த ஒருவனின் தோளை மற்றொருவன் ஏற்றும் காட்சி தீட்டப்பட்டிருப்பதாக அறிஞர் கொள்வர். அது மூவாயிரம் ஆண்டுக்கு முற்பட்டது. அங்கே வீழ்ந்து கிடப்பவன் அரசனல்லன், போர்வீரனல்லன், கூலியாள். கிரேக்க நாட்டு வைத்தியராகிய இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களிலும் தோள்மூட்டுக்குத் தனி இடமுண்டு. நோயாளியைத் தரையிற் கிடத்தி, வைத்தியர் தம் குதிகாலை அவன் அக்குளில் வைத்துக் கையை இழுத்தல் அந்நூல் கூறும் முறைகளுள் ஒன்று. அதனினும் நம் கருத்தைக் கவர்ந்தது வேறொன்று. ஒருமுறை இறங்கிய தோள் மறுபடி மறுபடி இறங்குவதையும், அதனால் நல்ல விளையாட்டு வீரர்கள் ஆடுகளத்தை விட்டு நீங்கியதையும், போர்க்களத்திலே சிலர் உயிரே இழந்ததையும் அந்நூல் எடுத்துரைக்கின்றது. மூட்டை ஏற்றுவதோடு காரியம் முடிந்துவிடவில்லை என்பதை அக்காலத்தவரே கண்டிருந்தனர். அதற்கு அவர்கள் கண்ட மருந்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அக்குளின் தோலைச் சுடுவது! வடு இறுகினால் மூட்டும் இறுகும் என்பது கருத்து. நாம் பிற்காலத்திற் பிறந்தது நல்லதாயிற்று.

பாரதநாட்டிலே சுசுருத சங்கிதையைப் புரட்டினால், எலும்பு முறிவும் மூட்டு விலகலும் தனித்தனியே பிரித்து ஆராயப்பட்டிருத்தலைக் காணலாம். மூட்டு விலகல் அறுவகையென அது வகுக்கின்றது. தோள்மூட்டு விலகினால் உலக்கையை அக்குளில் வைத்து உயர்த்தி, எலும்பு தன் நிலைக்கு மீண்டபின் சுவத்திகம் என்னும் குறுக்குக் கட்டாற் கட்டுக என்பது அதன் விதி. கிரேக்கன் குதிகாலை வைத்த இடத்திலே நம்மவன் உலக்கையை வைத்தான். நெல்லுக் குத்தும் உலக்கை அங்கும் வேலை செய்தது என்பதை நம் அம்மம்மாமார் கேட்டால் மகிழ்வர்.

கட்டைப்பற்றி அந்நூல் சொல்வது இன்றும் எண்ணத்தக்கது. இளகக் கட்டினால் மூட்டு உறுதிபெறாது. இறுகக் கட்டினால் வீக்கமும் நோவும் உண்டாகும். ஆகவே நடுத்தரமாகக் கட்டுக. குளிர்காலத்தில் ஏழு நாளைக்கொருமுறையும், மிதமான காலத்தில் ஐந்து நாளைக்கொருமுறையும், கோடையில் மூன்று நாளைக்கொருமுறையும் அவிழ்த்துக் கட்டுக. இளவயதினனுக்கு மூட்டு ஒரு மாதத்தில் உறுதியாகுமென்றும், நடுவயதினனுக்கு அதன் இருமடங்கும் முதியோனுக்கு மும்மடங்கும் காலம் வேண்டுமென்றும் அது வரையறுக்கின்றது.

இவற்றினும் சிறந்ததாக நாம் கருதுவது கையின் முறிவுபற்றிய ஒரு சிறு விதி. முறிந்த கை கூடியபின் நோயாளி முதலிலே மண்ணுருண்டையைக் கையிற் பிடிக்கவேண்டும். பின்பு உப்புக் கட்டியை. கையிலே வலு உண்டானபின் கல்லை. எத்துணை எளிமை! இன்று வைத்தியசாலையிலே வண்ண வண்ண இறப்பர் நாடாக்களையும் இரும்புக் குண்டுகளையும் படிப்படியாகக் கொடுக்கும் முறையின் கரு அங்கே இருக்கின்றது. முதலில் இளகியது, பின்பு கனத்தது. நோயாளிக்கு விளங்காத சொல் அதில் ஒன்றுகூட இல்லை. மண்ணும் உப்பும் கல்லும் எவன் வீட்டிலில்லை?

நமது குடாநாட்டிலே வைத்தியம் தமிழிலே வளர்ந்தது. யாழ்ப்பாணத்து அரசர் பெயரால் வழங்கும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் அதற்குச் சான்று. ஆனால் முறிவு நெரிவு வைத்தியம் ஏட்டினும் கையிலேயே மிகுதியும் வாழ்ந்தது. தந்தையின் விரலைப் பார்த்து மகன் விரல் பழகியது. கண்ணை மூடிக்கொண்டு தோளைத் தடவி, எலும்பு எங்கே நிற்கின்றதென்று சொல்லும் பரியாரிமார் இருந்தனர். எலும்பை ஏற்றி, பத்துப் போட்டு, மட்டை வைத்துக் கட்டி, பத்தியஞ் சொல்லி, கட்டவிழ்த்தபின் எண்ணெய் பூசி உருவி, நாளுக்கு நாள் கையைச் சிறிது சிறிதாக உயர்த்துவிப்பர். கொடுத்ததை வாங்கிக்கொள்வர்.

அவர்களைக் குருடரென்று இகழ்வோரும் உளர். தெய்வமென்று போற்றுவோரும் உளர். இரண்டும் மிகையென்பது நமது துணிபு. எக்ஸ் கதிரை 1895இல் ரோண்ட்கன் கண்டறியுமுன் உலகத்து வைத்தியர் எல்லாரும் விரலாலேயே எலும்பைப் பார்த்தனர். அவ்வகையில் நம் பரியாரியார் எவர்க்கும் தாழ்ந்தவரல்லர். ஆனால் தலை உடைந்த எலும்பையும் நழுவிய எலும்பையும் விரலால் மட்டும் பிரித்தறிதல் எப்போதும் இயலாது. இறுகக் கட்டிய மட்டையினால் குருதியோட்டம் நின்று கை கறுத்துப் போனதுமுண்டு. இன்னொரு குறை நம் சமூகத்தின் குறை: தெரிந்ததை மறைத்தல். எண்ணெயின் கூட்டுச்சரக்கு ஒரு குடும்பத்தை விட்டு வெளியே போகாது. அக்குடும்பத்திற் பின்வந்தோர் வேறு தொழில் நாடினால் அவ்வித்தையும் அவ்வீட்டுத் திண்ணையோடு போயிற்று.

ஆயினும் ஒரு நன்மையை மறுத்தல் இயலாது. பரியாரியார் நோயாளியோடு பேசினார். கை ஏன் நோகிறது, எப்போது உயர்த்தலாம், எப்போது துலாவைப் பிடிக்கலாம், எப்போது மரத்தில் ஏறலாம் என்பதை அவனுடைய சொல்லிலேயே சொன்னார். அவன் தொழில் இன்னதென்று அவருக்குத் தெரியும். அவனுடைய துலாவையும் அவருக்குத் தெரியும்.

இனி, மேல்நாட்டு இரணவைத்தியம் நம்மிடையே வந்த கதைக்கு வருவோம். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் யோன் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பிலே வைத்தியப் பணி தொடங்கினார். வட்டுக்கோட்டையில் வைத்தியர் வாட் தொடர்ந்தார். இவர்களுக்குப்பின் 1847இல் வந்தவரே சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவிலே மசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரிலே 1822ஆம் ஆண்டு ஒக்டோபரிற் பிறந்தவர். அதே ஆண்டு டிசெம்பரில் நல்லூரிலே ஆறுமுக நாவலர் பிறந்தார் என்பதை எண்ணும்போது வியப்புண்டாகின்றது. ஒருவர் சைவத்துக்கும் இலக்கணத்துக்கும் தமிழ் உரைநடையைப் பயன்படுத்தினார். மற்றவர் உடற்கூற்றுக்கும் இரணவைத்தியத்துக்கும் பயன்படுத்தினார். கொள்கையால் எதிரெதிர்க் கரையில் நின்றவர்கள், தமிழால் எதனையும் சொல்லலாம் என்பதில் ஒன்றுபட்டனர். கிறீனின் உள்ளத்தில் மதமாற்ற நோக்கமும் இருந்தது. அதை மறைத்துரைத்தல் வரலாறாகாது. அந்நோக்கம் இருந்ததற்காக அவர் செய்த பணியை மறைத்தலும் வரலாறாகாது. மிஷன் கல்லூரியொன்றிற் பயின்று, இந்து வாலிபர் சங்கத்து மலரில் எழுதும் நாம் இருபக்கத்தாராலும் கடியப்படலாம், பாதகமில்லை.

கிறீன் 1848இல் மானிப்பாயில் வைத்திய நிலையத்தை நிறுவி, மாணவர்க்கு வைத்தியமும் கற்பிக்கத் தொடங்கினார். இரணவைத்தியத்துக்கு அது திருப்புமுனைக் காலம். போஸ்டன் நகரிலே 1846இல் ஈதர் என்னும் மயக்க மருந்தை மோப்பித்து நோயாளியை அறுத்த செய்தி உலகெங்கும் பரவியது. அடுத்த ஆண்டிலே எடின்பரோவில் குளோரபோம் வந்தது. அதற்குமுன் இறங்கிய தோளை ஏற்றுவதென்றால் நால்வர் பிடித்திருக்க ஒருவர் இழுப்பதே வழி. நோவினால் தசை இறுகும். தசை இறுகியதால் எலும்பு ஏறாது. ஏறாததால் இன்னும் இழுப்பர். மயக்க மருந்து தசையை இளக்கியதும் எலும்பு எளிதில் ஏறலாயிற்று. 1870இல் சுவிற்சர்லாந்து நாட்டுக் கோக்கர் இழுத்தலை விடுத்து, கையை மடக்கித் திருப்பியே தோளை ஏற்றும் முறையை வெளியிட்டார்.

கிறீனின் பெருமை கத்தியில் மட்டுமன்று, எழுத்தாணியிலும் இருந்தது. தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே அவர் வைத்தியங் கற்பித்தார். ஆங்கிலம் கற்ற மாணவர் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியூர் போயினர். ஊரிலே வைத்தியரில்லை என்ற குறை அப்படியே இருந்தது. தமிழிலே கற்பித்தால் கற்றவன் ஊரிலே தங்கி ஊரவனோடு பேசி வைத்தியஞ் செய்வான் என்று அவர் துணிந்தார். இடையே தாயகம் சென்று 1862இல் மீண்டவர், 1864 தொட்டுத் தமிழிலேயே வைத்தியங் கற்பித்தார். அவரிடம் வைத்தியங் கற்றவர் தொகை அறுபதுக்கு மேல்.

கற்பிக்க நூல் வேண்டுமே! நூல்களையும் அவரே மாணவர் துணையோடு ஆக்கினார். உடற்கூறும் உடற்றொழிலும் சுகாதாரமும் பற்றிய கட்டர் என்பாரின் நூல் 1857இல் தமிழாயிற்று. துருயிற் என்னும் ஆங்கில இரணவைத்தியரின் கைந்நூல் 'இரண வைத்தியம்' என்ற பெயரோடு 1867இல் வெளிவந்தது. உலகெங்கும் மாணவர் இன்றும் பயிலும் கிறேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என 1872இல் வந்தது. அதனை அடுத்து இரசாயனத்துக்குக் 'கெமிஸ்தம்', உடற்றொழிலுக்கு 'மனுஷ சுகரணம்' என நூல்கள் வளர்ந்தன. எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்படும். சொல்லாக்கத்திலே அவர் முதலில் தமிழ்ச் சொல்லைத் தேடினார். கிடையாதபோது வடசொல்லை நாடினார். அதுவும் இயையாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதினார். கெமிஸ்தம் என்ற சொல்லைப் பார்த்து இன்றைய மாணவர் சிரிப்பர். சிரிக்கட்டும், கிறேயின் நூல் இலண்டனில் முதன்முதல் வெளிவந்தது 1858இல். பதினான்கு ஆண்டுகளுள் அது தமிழாயிற்று. இன்று இலண்டனில் வெளிவரும் வைத்திய நூலொன்று பதினான்கு ஆண்டுகளில் தமிழாகுமென்று சொல்ல நமக்குத் துணிவில்லை.

கிறீன் 1873இல் நாட்டை விட்டு நீங்கினார். 1884 மே மாதத்தில் வூஸ்டரிலே காலமானார். அதற்கு முன்பே, 1870இல், கொழும்பில் அரசாங்க வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்திலே தொடங்கிவிட்டது. உத்தியோகம் அதன் பின்னால் இருந்தது. தமிழ்வழி வைத்தியக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியபோதும் பாடம் ஆங்கிலத்திலேயே அமைந்தது. இதற்குத் தக்க காரணங்கள் உண்டு. உலக ஆராய்ச்சி ஆங்கிலத்திலே வருகின்றது. வைத்தியர் அதைப் படித்தேயாக வேண்டும். வைத்தியருக்கு ஆங்கிலம் வேண்டும் என்பதில் நமக்குப் பிணக்கில்லை. நோயாளிக்கு என்ன வேண்டும் என்பதே கேள்வி.

இக்கேள்வி காய்ச்சல் நோயாளிக்கு அவ்வளவு பெரிதன்று. அவன் மருந்தை விழுங்கினாற் போதும். மருந்தின் பெயர் தெரியவேண்டியதில்லை. தோள் நோயாளியின் கதை வேறு. இதனை விளக்கும் வரலாறு சென்ற நூற்றாண்டிலே நிகழ்ந்தது. இங்கிலாந்து தேசத்து இரணவைத்தியர் பாங்கார்ட் 1923இல், தோள் அடிக்கடி இறங்குவதற்குக் காரணம் நாம் மேலே கூறிய சவ்வு விளிம்பு தட்டினின்றும் பிரிந்துபோதலே என்று காட்டினார். பிரிந்த விளிம்பை எலும்போடு மீண்டும் தைத்துவிடலாம் என்றும் காட்டினார். இப்போக்கிரட்டீசு காலத்து வீரனைக் களத்தை விட்டு விரட்டிய நோய்க்கு அப்போதுதான் தக்க பரிகாரம் பிறந்தது. இந்நாளில் சிறு துளைகள் வழியே குழாய்க் கருவியைச் செலுத்தி, உள்ளே பார்த்துக்கொண்டே அவ்விளிம்பைத் தைக்கின்றனர்.

மற்றவர் போஸ்டன் நகரத்துக் கொட்மன். கிறீன் பிறந்த அதே மாநிலத்தவர். தோளுக்கென்றே 1934இல் ஒரு பெருநூல் எழுதினார். அசையாமல் வைத்த தோள் உறைந்துபோகும் என்பதை எடுத்துரைத்து, 'உறைந்த தோள்' என்ற பெயரை வழக்கிற் கொண்டுவந்தவர் அவர். முன்னே குனிந்து நின்று, நோவுள்ள கையைத் தளரத் தொங்கவிட்டு, ஊசல்போல மெல்ல ஆட்டும் பயிற்சி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. நீரிழிவுள்ளவர்க்குத் தோள் உறைதல் மற்றவரினும் மிகுதி என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நம் மூத்தோரில் நீரிழிவு இல்லாதாரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஆதலின் இதனை அவர்கள் கருத்திற் கொள்வாராக.

பாங்கார்ட் செய்தது ஒருமணி நேர வேலை. கொட்மன் சொன்னது ஆறுமாத வேலை. முன்னதைச் செய்பவர் வைத்தியர். பின்னதைச் செய்பவன் நோயாளி. அதுவும் தன் வீட்டு விறாந்தையிலே, ஒருவரும் பார்க்காத வேளையிலே.

நமது கதையைச் சுருங்கச் சொல்லி முடிப்போம். முதன்முறை இறங்கிய தோளை வைத்தியசாலையில் ஏற்றினர். கையைத் தூளியிற் போட்டுக்கொண்டு திரிந்தோம். மூன்று கிழமையில் நோவு போயிற்று. நோவு போனதும் குணமாயிற்றென எண்ணினோம். ஐந்தாங் கிழமை ஆடுகளத்தில் நின்றோம். தோள் இரண்டாமுறை இறங்கியது. இருபது வயதை அண்டியவர்க்கு ஒருமுறை இறங்கிய தோள் மறுபடி இறங்குதல் பெரும்பான்மை என்பதைப் பின்னரே அறிந்தோம். மூன்றாமுறை, கொடியில் துவாய் போடக் கையை உயர்த்தியபோதே இறங்கிற்று. அதன்பின் சத்திரசிகிச்சை.

சிகிச்சைக்குப்பின் ஓர் இடத்திலே உடற்பயிற்சி காட்டினார்கள். காட்டியவர் நல்லவர், அவர்முன் நின்ற வரிசையோ நீண்டது. ஆளுக்குச் சில நிமிடங் கிடைத்தது. வீட்டிலே செய்வதற்கு ஒரு தாள் தந்தனர். தாள் முழுதும் ஆங்கிலம். நமக்கு அது தடையாகவில்லை. நம்மருகே வாங்கிலே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இருந்தார், மரமேறுந் தொழிலாளி. பனையிலிருந்து வழுவிக் கையொன்றால் தொங்கித் தோள் இறங்கியது. நாற்பதைக் கடந்தவர்க்குத் தோள் இறங்கும்போது அதைச் சூழ்ந்த தசைநாரும் கிழிதல் உண்டு, அவர்க்கும் கிழிந்திருந்தது, தைத்திருந்தனர். அவர் கையிலும் ஒரு தாள் இருந்தது. நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

"அண்ணை, இதை வீட்டிலை செய்யிறனீங்களோ?" என்று கேட்டோம்.

"எனக்கு உதிலை ஒண்டும் விளங்கேல்லைத் தம்பி. தைச்ச கை தானே. பேசாமல் கட்டி வைச்சிருக்கிறன். அசைச்சால் தையல் விட்டுப்போகும்."

ஆறு கிழமையில் அவிழ்க்கவேண்டிய தூளியை மூன்று மாதமாய் அவர் அவிழ்க்கவில்லை. சிகிச்சை செய்த வைத்தியரின் தையல் குறைவின்றி நின்றது. தோளோ உறைந்துபோயிற்று. கை அவருடைய மார்பளவுக்குமேல் எழவில்லை. பிழை யாருடையதென்று ஒருவரைச் சுட்ட நமக்கு மனமில்லை. தாளை எழுதியவர் நன்றாகவே எழுதியிருந்தார். வாங்கியவரும் அதைப் பத்திரமாகவே வைத்திருந்தார்.

அன்று மாலை அத்தாளைத் தமிழாக்க இருந்தோம். சர்வகலாசாலை மாணவனுக்கு ஒரு பக்கம் மொழிபெயர்த்தல் பெரிதோ என்று தொடங்கி, இரவு பத்து மணிவரை எழுதி எழுதிக் கிழித்தோம். 'ஊசல் அசைவு' என்று எழுதினால் அகராதிக்குச் சரி. அவர்க்கு என்ன புரியும்? வீட்டிலே பெரியவரைக் கேட்டோம். அவர் சற்று யோசித்து, "துலாவிலை தொங்கிற பட்டை காத்துக்கு ஆடுமே, அப்பிடி எண்டு எழுது" என்றார். கை பட்டை; தோள் துலா. பட்டை தானாக ஆடும்; துலா அதை ஆட்டுவதில்லை. கொட்மன் சொன்னதன் சாரம் முழுதும் அதிலே வந்துவிட்டது. சுவரிலே விரல்களை நடத்திக் கையை உயர்த்தும் பயிற்சிக்கு, "சுவரிலை பல்லி ஏறுறமாதிரி" என்றார். ஒவ்வொரு நாளும் விரல் எட்டிய இடத்திலே கரிக்கோடு போடும்படியும் சேர்த்து எழுதினோம். வலுப்படுத்தும் பயிற்சிக்குச் சுசுருதர் இருந்தார்: முதலிலே வெறுங்கை, பின்பு அரைப் போத்தல் தண்ணீர், பின்பு முழுப் போத்தல். மண், உப்பு, கல்.

எழுதியதைப் பயிற்சி காட்டுபவரிடம் முதலிற் கொடுத்தோம். அவர் படித்து, இரண்டிடத்தில் திருத்தினார். அவருடைய தோள் உறைந்திருந்தபடியால் கிழமைக் கணக்கையும் மாற்றி எழுதினார். ஒருவர் தோளுக்குச் சொன்ன கணக்கு மற்றவர் தோளுக்குப் பொருந்தாது. நாம் எழுதிய தாளை வேறெவரும் தம் பாட்டிற் பயன்படுத்தலாகாது என்பதற்காகவே அத்தாளை இங்கே முழுமையாக அச்சிடவில்லை.

நாம் மறுபடி ஆடுகளம் சென்றது எட்டாம் மாதத்தில். ஓங்கி அடிக்கும் இடத்தை விட்டுப் பின்வரிசையில் நிற்கின்றோம். அதில் ஒரு சிறு மனக்குறை உண்டு, மறைப்பானேன்.

மரமேறுபவரை நான்கு மாதங் கழித்து அவர் வீட்டிலே கண்டோம். மண் சுவரிலே கரிக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. கடைசிக் கோடு அவர் தலைக்குச் சற்று மேலே இருந்தது. பாளைக்கத்தி தாழ்வாரத்துச் செருகலிலே கிடந்தது. மகன் மரமேற மறுத்து நகரத்தில் வேலைக்குப் போகின்றானாம். அதுபற்றி அவர்க்கு வருத்தமில்லை. தாம் ஏறவேண்டும் என்பதில் மட்டுமே நாட்டம். தாளை எடுத்து விரித்தார். மடிப்புகளில் கிழிந்து, எண்ணெய் பட்டிருந்தது.

"தம்பி, இதிலை தண்ணிப் போத்தல் மட்டும்தான் கிடக்கு. மரத்தைக் கட்டிப்பிடிக்கிறதுக்கு ஒண்டும் இல்லையே?"

ஆங்கிலத் தாளிலும் அது இருக்கவில்லை. பயிற்சி காட்டுபவரை அடுத்த திங்கட்கிழமை கேட்டு எழுதித் தருவதாகச் சொல்லி வந்தோம்.